மன்னார் வளைகுடாவின் நீரடியைக் கைப்பேசியில் காட்ட எந்த கேம் எஞ்சின்: அன்ரியலா, யூனிட்டியா, கோடோவா?

கேள்வி: பாம்பன்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் இராமநாதபுரத்தில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பாம்பன். நானும் வகுப்புத் தோழியர் இருவரும் இறுதியாண்டுத் திட்டமாக ஒரு முப்பரிமாண விளையாட்டைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். விளையாடுபவர் கடலில் பாசி எடுக்கும் பெண்ணாக இருப்பார். விடியற்காலையில் வள்ளத்தில் போய், மூச்சு தீரும்முன் மூழ்கிப் பாசி பறித்து, காற்று திரும்புவதற்குள் கரை சேர வேண்டும். என் சித்தி சின்னப்பாலம் கிராமத்தில் இந்த வேலையைத்தான் இருபது ஆண்டுகளாகச் செய்கிறார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைமேல் ஆண்கள் சட்டை அணிந்து, கண்ணாடி மாட்டி இறங்குவார்.

எங்களுக்கு வேண்டியது பெரிய அலையும் பெருங்கடலும் இல்லை. நீங்கள் தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) இடுப்பளவு நீரில் நின்று கண்ணாடி மாட்டிக் குனிந்திருந்தால் தெரியும்: முதலில் மணல்மேல் வலை விரித்ததுபோல் வெளிச்சம் ஓடும், அதற்கப்பால் கடற்புல் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து, அலை திரும்பும்போது மறுபக்கம் சாயும், இரண்டு ஆள் ஆழத்துக்குச் சித்தி இறங்கியதும் அவருடைய சிவப்புச் சட்டை மங்கிப் பழுப்பாகிவிடும். இந்த மூன்றையும் சரியாகக் காட்டிவிட்டால் மற்றவை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பதே எங்கள் மூவரின் எண்ணம்.

இனி எங்கள் நிலைமை. எங்களிடம் இரண்டு மடிக்கணினிகள் உள்ளன. ஒன்றில் 8 ஜி.பி. நினைவகம் மட்டும் இருக்கிறது, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. மற்றொன்றில் 16 ஜி.பி. நினைவகமும் 4 ஜி.பி. கொண்ட கார்டும் உண்டு. விளையாட்டு ஓட வேண்டியதோ, சித்தியும் அவருடன் போகும் அக்காமார்களும் வைத்திருக்கும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில்.

விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்களில் (கேம் எஞ்சின்களில்) முதலில் அன்ரியல் 5-ஐ முயன்றோம். கைப்பேசி இணையத்தில் இரண்டு இரவுகள் தரவிறக்கினோம். கார்டு உள்ள கணினியில் அதன் நீர் இணைப்பைச் சேர்த்து ஒரு கரையை அமைத்தபோது மூவரும் சற்று நேரம் பேசவே இல்லை, அவ்வளவு அழகாக இருந்தது. அதையே கைப்பேசிக்கு மாற்றியதும் நீலத் தகடு ஒன்றை விரித்ததுபோல் ஆகிவிட்டது. அடுத்து யூனிட்டிக்குப் போனோம். ஒரு பயிற்சிக் காணொளியைப் பார்த்து இரண்டு வாரம் உழைத்து நீர் அமைத்தோம். அந்த முறை எச்.டி.ஆர்.பி. என்ற ரெண்டரிங் (காட்சியைத் திரையில் வரையும்) வழிக்கு மட்டுமே உரியது, கைப்பேசியில் ஓடாது என்று கடைசியில்தான் தெரிந்தது. கோடோவை இப்போதுதான் திறந்து பார்த்தோம். சின்னக் கணினியிலும் சட்டென்று திறந்தது; ஆனால் அதன் கிராஃபிக்ஸ் தரம் மற்ற இரண்டுக்கும் கீழே என்று வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும்போது அன்ரியல் தெரிந்திருந்தால் நல்லது என்பது வழிகாட்டும் ஆசிரியரின் கருத்து.

கணினியில் தெரியும் இந்தத் தர வேறுபாடு கைப்பேசிக்கு வந்த பிறகும் உண்மையாகவே நிற்கிறதா? நீரைக் காட்டுவதில் எது கைப்பேசியை அதிகம் வருத்துகிறது? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: யூனிட்டியில் “கொண்டல்” என்று எழுதினால் எழுத்து சிதறி வருகிறது. இது எங்கள் தவறா, எஞ்சினின் குறையா?

பதில் 1: தொண்டிக்காரன்

யூனிட்டியை விட்டுவிட வேண்டாம், தங்கச்சி. நீங்கள் தேர்ந்த வழிதான் தவறியது. எச்.டி.ஆர்.பி. உயர்தரக் கணினிக்கும் கன்சோலுக்கும் உரியது, கைப்பேசிக்கு யூ.ஆர்.பி. என்ற வழி இருக்கிறது. புதிய திட்டம் தொடங்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்காக எழுதிய ஷேடர் (பொருளின் நிறத்தையும் வடிவத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) மற்றொன்றில் ஓடாது என்பதால், எந்தப் பயிற்சிக் காணொளியைப் பார்த்தாலும் அது எந்த வழிக்கானது என்பதை முதல் நிமிடத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். நானும் இதே காரணத்தால் ஒரு மாதத்தை இழந்திருக்கிறேன். யூனிட்டியின் பெரிய குறையாக நான் கருதுவது இந்தப் பிளவைத்தான்.

பதில் 2: கீழக்கரை ஷேடர்

நான் கீழக்கரையைச் சேர்ந்தவன். இப்போது துபாயில் கைப்பேசி விளையாட்டுகளுக்கு ஷேடர் எழுதும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கேள்வியில் கடலை நீங்கள் பார்த்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மணல்மேல் ஓடும் வெளிச்சம், சாயும் புல், மங்கும் சிவப்பு ஆகிய மூன்றும் கிராஃபிக்ஸ் மொழியில் மூன்று தனித்தனிக் கணக்குகள். மூன்றையுமே எந்த எஞ்சினிலும் எழுதிவிடலாம். எஞ்சின்களின் வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது.

அன்ரியல் 5 வெளிவந்தது 2022 ஏப்ரலில். அதன் புகழுக்குக் காரணம் நானைட், லூமென் என்ற இரண்டு அமைப்புகள். நானைட் கோடிக்கணக்கான முக்கோணங்கள் கொண்ட பொருளைச் சிறு கொத்துகளாகப் பிரித்து, திரையில் தெரியும் அளவுக்கு மட்டும் நுணுக்கத்தை எடுத்து வரைகிறது. லூமென் ஒரு பொருளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அடுத்த பொருளில் விழுவதை அந்தந்த நேரத்திலேயே கணக்கிடுகிறது. இரண்டும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டை நம்பி எழுதப்பட்டவை. நீங்கள் சொல்லும் விலையிலுள்ள கைப்பேசிக்கு அன்ரியல் திட்டத்தை மாற்றும்போது இந்த இரண்டும் கழன்றுவிடும். அன்ரியலின் எளிய கைப்பேசி ரெண்டரர் மட்டும் மிஞ்சும். உங்கள் கடல் நீலத் தகடாக மாறியதற்குக் காரணம் இதுதான். அந்த ரெண்டரர் மோசமானது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் பையன்கள் விளையாடும் பி.ஜி.எம்.ஐ. அன்ரியல் 4-இல் செய்யப்பட்டதுதான். ஆனால் அதைக் கைப்பேசிக்கு இழைத்துக் கொடுக்கப் பெரிய குழு இருந்தது. நீங்கள் மூன்று பேர். ஒன்றுமே இல்லாத திட்டத்தைக் கட்டினாலும் அன்ரியலின் கோப்பு மற்ற இரண்டையும்விடப் பெரிதாக வரும். கைப்பேசியில் இடம் இல்லாமல் படங்களை அழித்துக்கொண்டே இருக்கும் அக்காமார்களுக்கு அது சிறிய செய்தி அல்ல.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இதுதான் முக்கியமானது. கைப்பேசியின் கிராஃபிக்ஸ் சில்லு, அது மாலியாக இருந்தாலும் அட்ரீனோவாக இருந்தாலும், பெரும்பாலும் திரையைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்திலேயே வரைந்து முடித்து, முடிந்த நிறத்தை மட்டும் பொது நினைவகத்துக்கு அனுப்புகிறது. பொது நினைவகத்துக்குப் போய்வருவதுதான் மின்கலத்தைத் தின்பதும் கைப்பேசியைச் சூடாக்குவதும். வழக்கமான நீர் ஷேடர் என்ன செய்கிறது? நீருக்கு அடியில் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அறிய, வரைந்த காட்சியின் ஆழப் படிவத்தைக் கேட்கிறது. அலையில் தரை நெளிந்து தெரிய, வரைந்த நிறத்தையும் திரும்பக் கேட்கிறது. கேட்டவுடன் சில்லு, பாதி வேலையில் எல்லாக் கட்டங்களையும் பொது நினைவகத்தில் இறக்கிவைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். யூ.ஆர்.பி. அமைப்பில் இவற்றுக்காக டெப்த் டெக்ஸ்சர் (ஆழம்), ஒப்பேக் டெக்ஸ்சர் (நிறம்) என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். அவற்றை டிக் செய்வதற்கு முன்னும் பின்னும் உங்கள் கைப்பேசியில் ஃப்ரேம் நேரத்தை (ஒரு முழுத் திரைப்படத்தை வரைய ஆகும் நேரத்தை) அளந்து பாருங்கள். நான் சொல்வது கண்ணுக்கே தெரியும்.

உங்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. உங்கள் கடலின் தரை அசையாதது. எந்த இடத்தில் எத்தனை அடி ஆழம் என்பது விளையாட்டைச் செய்யும்போதே தெரியும். ஆகவே நீர்ப்பரப்பை ஆக்கும் முக்கோணங்களின் ஒவ்வொரு முனையிலும் அந்த ஆழத்தை ஒரு நிறமாக முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ஷேடர் அதை வாசித்து, ஆழம் குறைந்த இடத்தில் மணல் நிறத்தையும் பச்சையையும், ஆழத்தில் நீலத்தையும் கொடுக்கட்டும். முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருளான பிளெண்டரில் ஒரு மாலையில் முடிகிற வேலை, மூன்று எஞ்சினிலும் ஒரேபோல் ஓடும்.

சிவப்புச் சட்டைக்கும் இதே சிக்கனம்தான். நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்குகிறது, பிறகு பச்சையை, கடைசியாக நீலத்தை. நீரடியில் உள்ள ஒவ்வொரு பொருளின் ஷேடரிலும், மேற்பரப்பிலிருந்து அந்தப் பொருள்வரை உள்ள தூரத்தையும் பொருளிலிருந்து கண்வரை உள்ள தூரத்தையும் கூட்டி, அந்த மொத்தத் தூரத்துக்கு ஏற்ப மூன்று நிறங்களையும் தனித்தனி வேகத்தில் அடுக்குக்குறிக் கணக்கில் குறைத்துவிடுங்கள். பொருளின் இடம் ஷேடருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் ஆழப் படிவத்தைக் கேட்கவே வேண்டாம். மணல்மேல் ஓடும் வலைக்கு, ஒரே படத்தை இரண்டு முறை, இரண்டு திசையில், வேறுவேறு வேகத்தில் நகர்த்தி வாசித்து, இரண்டில் சிறிய மதிப்பை எடுத்துக்கொண்டால் போதும்.

லூமென் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். திறந்த கடலில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கச் சுவர் எங்கே இருக்கிறது? வானத்துக்கு ஒரு நிறம், மணலிலிருந்து எழும் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், சூரியன் ஒன்று. விடிகாலையிலிருந்து உச்சிவரை இந்த மூன்றையும் மெதுவாக மாற்றினால் பொழுது நகர்வது தெரியும்.

நொடிக்கு 30 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிநொடி கிடைக்கும். அதை முழுவதும் செலவழித்துவிடாதீர்கள். வெயிலில் பத்து நிமிடம் விளையாடியதும் கைப்பேசி சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 20 மில்லிநொடிக்குள் முடிப்பதை இலக்காக வையுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, உங்கள் கணினிகளையும் கைப்பேசிகளையும் பார்த்து நான் கோடோ அல்லது யூனிட்டி யூ.ஆர்.பி. என்பேன், இரண்டில் கோடோவின் பக்கம் சாய்வேன். அதன் 4-ஆம் பதிப்பில் மூன்று ரெண்டரர்கள் உள்ளன. ஃபார்வர்டு பிளஸ் கணினிக்கு; மொபைல் என்பது வல்கன் (கிராஃபிக்ஸ் சில்லுடன் பேசும் புதிய இடைமுகம்) நன்றாக ஓடும் புதிய கைப்பேசிகளுக்கு; கம்பாட்டிபிலிட்டி என்பது ஓப்பன்ஜிஎல் என்ற பழைய இடைமுகத்தின் வழியில் பழைய, மலிவான கைப்பேசிகளுக்கு. மலிவுக் கைப்பேசிகளில் வல்கன் இயக்கிகள் பல சமயம் பிழையுள்ளவை. அதனால் கம்பாட்டிபிலிட்டியில் தொடங்குங்கள். கோடோவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெரிய காட்சியைக் கையாளும் கருவிகள் மற்ற இரண்டின் அளவுக்கு இன்னும் வளரவில்லை. ஆயத்தமாக விற்கும் மாதிரிகளும் ஷேடர்களும் குறைவு. கைப்பேசியில் எது நேரத்தை எடுக்கிறது என்று நுணுகிப் பார்க்கும் கருவி யூனிட்டியில் இருப்பதுபோல் முதிர்ச்சியாக இல்லை. இரண்டு ஆள் ஆழ நீருக்கும் ஒரு வள்ளத்துக்கும் இந்தக் குறைகள் உங்களைத் தடுக்காது.

பதில் 3: தங்கச்சிமடம் 3டி

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் அன்ரியல் நமக்கு ஆகாத பொருள் என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயத்தை நான் அன்ரியலில் அமைத்திருக்கிறேன். பவளக் கல்லில் கட்டிய சுவர். பக்கத்தில் போனால் ஒவ்வொரு கல்லிலும் தேன்கூடுபோல் துளைகள் தெரியும். நானூறு படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண மாதிரியை உருவாக்கியபோது ஒரு சுவருக்கே பல இலட்சம் முக்கோணங்கள் வந்தன. முன்பாயிருந்தால் அதைக் குறைத்து, துளைகளைப் போலியாக ஒரு படத்தில் தீட்டி, தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று நான்கு மாதிரிகள் செய்ய வேண்டும். அந்த வேலைக்கே ஒரு மாதம் ஆகும். நானைட்டில் சுவரை அப்படியே ஏற்றினேன். கூரையற்ற அந்தக் கட்டடத்துக்குள் மாலை வெயில் ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவரின் நிழற்பகுதியைச் செம்மையாக்குகிறதே, அதை லூமென் நான் ஒன்றும் செய்யாமலே காட்டியது. கணினியில் அல்லது அருங்காட்சியகத் திரையில் காட்டுவதற்கு, தனி ஆளாக இருப்பவருக்கு இவ்வளவு கைகொடுக்கும் எஞ்சின் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதன் குறையையும் பட்டே அறிந்தேன். ஒரு கண்காட்சியில் வேறொரு கணினியில் ஓட்டினார்கள். பார்வையாளர் வாசலில் நுழைந்ததும் படம் ஒரு நொடி நின்றது. திரும்பியதும் மறுபடி நின்றது. ஷேடர்களை அந்தக் கணினியின் கார்டுக்கு ஏற்ப முதன்முறை தேவைப்படும்போது மாற்றிக்கொள்வதால் வரும் தடை அது. பின்னர் வந்த பதிப்புகளில் முன்கூட்டியே மாற்றிவைக்கும் ஏற்பாடு மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் காட்டப்போகும் கணினியிலேயே ஒருமுறை முழுவதும் சுற்றிவராமல் நான் இப்போது எதையும் யாருக்கும் காட்டுவதில்லை. நீருக்கும் ஒரு குறிப்பு: ஒளி ஊடுருவும் பொருள்களை நானைட் ஏற்காது. ஆகவே கல்லுக்கும் பவளப் பாருக்கும் அது உதவும், நீர்ப்பரப்புக்கு உதவாது.

உரிமத்தைப் பற்றியும் ஒரு சொல். அன்ரியலில் ஒரு விளையாட்டின் வருவாய் பத்து இலட்சம் டாலரைத் தாண்டிய பிறகே 5 விழுக்காடு கேட்பார்கள். மூலநிரலையும் படிக்கத் தருகிறார்கள். யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்துப் பலரை அஞ்சவைத்தது. ஓராண்டுக்குப் பின் 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. கோடோ 2014-லிருந்தே எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளது, யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. மாணவர்களுக்கு மூன்றுமே செலவில்லாதவைதான், எனவே இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பாம்பன்கரை

மிக்க நன்றி. கீழக்கரைக் காக்கா சொன்னபடி ஆழத்தை நீர்ப்பரப்பிலேயே பதிந்து, கோடோவின் கம்பாட்டிபிலிட்டியில் ஓட்டிப் பார்த்தோம். 4 ஜி.பி. நினைவகம் உள்ள சித்தியின் கைப்பேசியில் நீர் மட்டும் இருக்கும்போது நொடிக்கு 60 ஃப்ரேம் நிற்கிறது. கடற்புல்லைச் சேர்த்ததும் 19-க்கு விழுந்துவிட்டது. ஒரு தட்டையான பரப்பில் புல்லின் படத்தை ஒட்டி, புல் இல்லாத இடத்தை வெட்டிவிடும் முறையில் செய்திருக்கிறோம். ஏறத்தாழ மூவாயிரம் தட்டுகள் உள்ளன. எங்கே தவறு?

கீழக்கரை ஷேடர்

தட்டுகளில்தான். கைப்பேசிச் சில்லு, மறைந்திருக்கும் பொருளை வரையாமல் தவிர்ப்பதில் கெட்டிக்காரன். ஆனால் படத்தைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்னும்போது, எது எதை மறைக்கிறது என்பது ஷேடர் ஓடி முடியும்வரை அதற்குத் தெரியாது. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் எல்லாத் தட்டுகளையும், வெட்டிப்போடும் வெற்றிடத்தையும் சேர்த்து, கணக்கிட்டுக்கொண்டே போகிறது. கடற்புல்லின் இலை நாடாபோல் நீளமானது. அதை ஐந்து முக்கோணங்களிலேயே இலையாக வெட்டி மாதிரி செய்துவிடலாம், படம் வேண்டாம், முழு நிறம் போதும். இருபது இலைகளை ஒரு கொத்தாக்கி, கோடோவில் மல்டிமெஷ் வழியாகச் சில்லுக்கு அனுப்பும் ஒரே கட்டளையில் எல்லாக் கொத்துகளையும் வரையுங்கள். யூனிட்டியில் ஜி.பி.யு. இன்ஸ்டன்சிங் என்பதும் இதே வேலையைச் செய்யும். சாய்வை முனைகளின் ஷேடரில் கணக்கிடுங்கள்: வேரில் சுழி, நுனியில் முழு அளவு. கொத்துக்குக் கொத்து வேறுபாடு வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் தாறுமாறாக ஆட்டிவிடாதீர்கள். நீங்களே எழுதியதுபோல் புல் முழுவதும் ஒரே பக்கம்தான் சாயும். அலை நகரும் திசையில் இருப்பவை சற்று முன்னதாகவும் பின்னதாகவும் சாய வேண்டும், அவ்வளவே.

பதில் 4: ஏர்வாடி எழுத்து

எழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்ச் செயலிகளைச் செய்யும்போது இதில் பல இரவுகள் போயிருக்கின்றன. “கொண்டல்” சிதறியது உங்கள் தவறு அன்று. தமிழில் “கொ” என்பது கணினிக்குள் “க” முதலிலும் உயிர்க்குறி பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். இப்படி எழுத்தை இடம் மாற்றி அமைக்கும் பணியை ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரலகம் செய்கிறது. யூனிட்டியில் எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ அதைச் செய்வதில்லை; வந்த வரிசையிலேயே எழுத்துகளை நிறுத்துகிறது. அதனால்தான் பலர் இன்றும் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அப்படிச் செய்தால் எழுத்து சரியாகத் தெரியும். ஆனால் உங்கள் நிரலுக்குள் இருப்பது தமிழ் இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தேட முடியாது, பிழை திருத்த முடியாது.

அன்ரியலும் கோடோ 4-உம் ஹார்ஃப்பஸைத் தமக்குள்ளேயே கொண்டுள்ளன. கோடோ 3-இல் இந்த வசதி கிடையாது. பழைய பயிற்சிகளைப் பார்த்து 3-ஐ நிறுவிவிடாதீர்கள். யூனிக்கோடு எழுத்துருவைச் சேர்த்து, “கொண்டல்”, “சோழகம்”, “கௌதாரி”, “ஸ்ரீ” ஆகிய நான்கையும் எழுதிப் பாருங்கள். நான்கும் சரியாக வந்தால் மற்றவையும் வரும். கிராஃபிக்ஸ் என்றால் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் என்று எஞ்சின்களை ஒப்பிடுகிறவர்கள் எண்ணுகிறார்கள். எழுத்தும் திரையில் வரையப்படும் ஒன்றுதான். தமிழில் விளையாட்டு செய்கிறவருக்கு இது முதல் நாளிலேயே பார்க்க வேண்டிய ஒப்பீடு.

பாம்பன்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கோடோ 4-இலேயே தொடர்கிறோம். புல்லை மாற்றியபின் நொடிக்கு 42 ஃப்ரேம் வருகிறது. நான்கு சொற்களும் சரியாகத் தெரிகின்றன. ஆசிரியரிடம் இங்கு நீங்கள் எழுதியவற்றைக் காட்டினோம். ஒரு கட்டத்தை மட்டும் அன்ரியலிலும் செய்து, இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கையில் எழுதுங்கள் என்று ஒப்புக்கொண்டார்.

நேற்று சின்னப்பாலம் கரையில் சித்தியிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். வெயிலில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சட்டை பழுப்பாவதைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, “இது எந்த மாதம்?” என்று கேட்டார். ஆடி என்றேன், அலையும் காற்றும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தோம். “ஆடியில் கச்சான் அடிக்கும்போது தென்கடலில் தண்ணீர் இவ்வளவு தெளிவாக எங்கே இருக்கும்? மணல் கிளம்பி, நீட்டிய கை தெரியாது. நாங்கள் இறங்கவே மாட்டோம்” என்றார். அலையைக் காற்றோடு சேர்த்த நாங்கள் நீரின் தெளிவைச் சேர்க்க மறந்துவிட்டோம். இதை எப்படிச் செய்வது?

கீழக்கரை ஷேடர்

சித்திக்கு என் சலாம். நீங்கள் மூன்று நிறங்களையும் குறைக்கும் கணக்கில் மூன்று எண்கள் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அவற்றை நிலையாக வைக்காமல் காற்றின் வேகத்திலிருந்து வருவித்துவிடுங்கள். கலங்கும்போது மூன்றும் உயர வேண்டும், நீலம் மற்ற இரண்டையும்விட அதிகமாக உயர வேண்டும். அப்போது தொலைவு நீலமாக மறையாமல் பச்சை கலந்த மண் நிறத்தில் மறையும். மறையும் இடத்தில் தெரியும் நிறத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள். மணல்மேல் ஓடும் வெளிச்ச வலையை அதே எண்ணால் மங்கச் செய்யுங்கள். கலங்கிய நீரில் தூரத்துப் புல் தெரியப்போவதில்லை என்பதால், அந்தத் தூரத்துக்கு அப்பால் உள்ள கொத்துகளை வரையாமலே விட்டுவிடலாம். உங்கள் 42 அந்த மாதங்களில் இன்னும் உயரும். வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) இதே கணக்கை வாடைக்காலத்துக்குத் திருப்பிப் போடுங்கள். எந்த மாதத்தில் எந்தக் காற்றுக்கு எத்தனை முழம்வரை கண் தெரியும் என்பதை மட்டும் சித்தியிடமே கேட்டு ஓர் அட்டவணையாக எழுதிக்கொண்டு வாருங்கள். முழத்தை ஷேடரின் எண்ணாக மாற்றிக் கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.